ஃபார்மிக் ஆசிட் கேனுக்கு லேபிள் போட்ட அனுபவம்

ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் டேனரிகளுக்கு ரசாயனம் நிரப்பி அனுப்பும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் அதிகம் போவது 85 சதவீத ஃபார்மிக் ஆசிட், 35 கிலோ கேன். ஐரோப்பாவுக்கு ஷூ அனுப்பும் ஒரு வாடிக்கையாளர், ஜிஎச்எஸ் (ரசாயன ஆபத்தை வகைப்படுத்தி லேபிள் போடும் உலகப் பொது முறை) முறைப்படி லேபிள் இல்லாத கேனை இனி உள்ளே விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார். அந்த வேலை என்னிடம் வந்தது.

தோலை அரிக்கும் என்பதை வகைப்படுத்துவதில் சிக்கலே இல்லை. மூச்சில் போனால் என்ன வகை என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். இதற்கு அடிப்படை எல்சி50. சோதனை எலிகளை 4 மணி நேரம் சுவாசிக்க விட்டால் பாதி எலிகள் சாகும் அளவு அது. என்னிடம் இருந்த பழைய எம்எஸ்டிஎஸ்ஸில், அதாவது ரசாயனத்தின் பாதுகாப்புத் தகவல் தாளில், 4,170 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று போட்டிருந்தது. ஜிஎச்எஸ் அட்டவணையில் பிபிஎம் வரிசையைப் பார்த்தேன். 2,500க்கு மேல் 20,000 வரை நான்காம் வகை: ‘சுவாசித்தால் தீங்கு’, ஆச்சரியக்குறி படம். அப்படியே அடித்து மாதிரியை அனுப்பினேன்.

இரண்டே நாளில் அங்கிருந்த பாதுகாப்பு அதிகாரி போன் செய்தார். “சார், நீங்க பார்த்த வரிசை வாயுவுக்கு. இது திரவம், இதிலிருந்து வர்றது ஆவி. மில்லிகிராம்ல பாருங்க.”

பிபிஎம்மை மூலக்கூறு எடை 46ஆல் பெருக்கி 24.45ஆல் வகுத்தால் ஒரு கன மீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று வரும். லிட்டர் கணக்கில் அது 7.85. ஆவிக்கு 2க்கு மேல் 10 வரை மூன்றாம் வகை: ‘சுவாசித்தால் நச்சு’, மண்டையோட்டுப் படம். மீதி 15 சதவீதம் தண்ணீர்தானே, ஆபத்து குறைந்த வகைக்கு இறங்குமோ என்று 7.85ஐ 0.85ஆல் வகுத்துப் பார்த்தேன். 9.2 வந்தது. மண்டையோடுதான். இதே ஆசிட் 60 சதவீதமாக இருந்தால் 13 வரும், நான்காம் வகைக்குப் போய்விடும். இன்னொன்றையும் அப்போதுதான் கற்றேன். சோதனை 1 மணி நேரம்தான் நடந்திருந்தால், ஆவிக்கும் வாயுவுக்கும் அந்த எண்ணை இரண்டால் வகுக்க வேண்டும், தூசிக்கும் நுண்துளிக்கும் நான்கால்.

அன்று மாலை நிரப்பும் கொட்டகைக்குப் போனேன். அங்கே இருபது வருடமாக வேலை செய்யும் அண்ணன் ஒருவர் கேன் மூடியைக் கால் சுற்று தளர்த்தினார், முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார், மூச்சைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திறந்தார். பல வருடமாகப் பார்த்திருக்கிறேன், கைப்பழக்கம் என்றே நினைத்திருந்தேன். முகத்தில் துண்டு மட்டும்தான். கேட்டால், “தொண்டை கரகரன்னு இருக்கும் தம்பி, வெல்லம் தின்னா சரியாப் போயிடும்” என்றார். எட்டு மணி நேர வேலைக்கு இந்த ஆவியின் வரம்பு காற்றில் 5 பிபிஎம். துண்டோ தூசி மாஸ்கோ இதைத் தடுக்காது. ஆசிட் ஆவியை வடிகட்டும் கேட்ரிட்ஜ் வைத்த முகமூடி வேண்டும். முதலாளியிடம் அந்தத் தாளோடு போய் நின்றேன். முகமூடி வந்தது. நிரப்பும் இடத்தையும் காற்றோட்டமான வாசல் பக்கம் மாற்றினோம்.

லேபிள் அளவில் அதிக வேலை இல்லை. 3 லிட்டருக்கு மேல் 50 லிட்டர் வரையான கேனுக்கு ஐரோப்பிய விதி குறைந்தது 74க்கு 105 மில்லிமீட்டர் கேட்கிறது. ஆனால் முதலில் அடித்தது காகித ஸ்டிக்கர். ஊற்றும்போது வழிந்த ஆசிட் பட்டு, இரண்டாவது வாரமே மண்டையோடு கரைந்து சிவப்புக் கட்டம் மட்டும் நின்றது. இப்போது பிளாஸ்டிக் ஸ்டிக்கர்.

ஆங்கிலத்துக்குக் கீழே தமிழிலும் ஒரு வரி சேர்க்க முடிவு செய்தோம். ‘சுவாசித்தால் நச்சு’ என்று எழுதி அந்த அண்ணனிடம் காட்டினேன். வாய்விட்டுப் படித்தார். “நச்சுன்னா பசங்களுக்குப் புரியாது தம்பி, விஷம்னு போடு” என்றார். ‘இந்த ஆவியை மூச்சில் இழுத்தால் விஷம்’ என்று பெரிய எழுத்தில் போட்டு, ஆசிட் வழியாத பக்கமாக ஒட்டுகிறோம்.