ஆய்வுக்கு வருகிறவர்களிடம் நாங்களும் கேட்கலாம்

எங்கள் ஊரில் கையில் கோப்போடு யாராவது படலையடியில் நின்றால் முதலில் எழும் கேள்வி, "என்ன தரப்போகினம்?" என்பதுதான். அதில் நான் பிழை சொல்ல மாட்டேன். 2004 மார்கழியில் கடல் வந்துபோன பிறகு ஒரு பதிவு. 2009 இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்து இருந்த மெனிக் பாம் முகாமில் ஒரு பதிவு. ஊருக்குத் திரும்பினால் தகரத்துக்கும் வீட்டுத்திட்டத்துக்கும் பதிவு. கையெழுத்து வைக்காவிட்டால் பெயர் விடுபட்டுப் போகும் என்று பயந்தே பழகிய சனம் நாங்கள். அந்தப் பயத்தோடு வைக்கிற கையெழுத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

முகாமில் ஒரு குழு தண்ணீர் வரிசையில் வைத்தே என்னிடம் கேட்டது. யாரைப் பறிகொடுத்தாய், எங்கே, கண்ணால் கண்டாயா? வாளியைக் கையில் பிடித்தபடி எல்லாம் சொன்னேன். எழுதிக்கொண்டு போனவர்கள் பிறகு வரவேயில்லை.

அதற்காக ஆய்வே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2009 இல் யாழ் மாவட்டத்தில் நடந்த ஒரு மனநல ஆய்வு 2011 இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்தது. அப்போது இடம்பெயர்ந்திருந்தவர்களில் 41.8 வீதமானோருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன என்கிறது அது. அதை வாசித்தபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. நித்திரை இல்லாமல் கிடந்ததை என் பலவீனம் என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

ஊருக்குத் திரும்பிச் சில வருடங்களின் பின் ஒரு பல்கலைக்கழகப் பிள்ளை பெரியம்மாவைத் தேடி வந்தாள். தகவல் தாளை முழுதாக வாசித்து விளங்கப்படுத்திய பிறகுதான் பேனையை எடுத்தாள். பெரியம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் ஒரு அட்டையைக் காட்டினாள். அதில் நாலு கிளாஸ் கீறியிருந்தது: வெறுங்கிளாஸ், கால்வாசி, அரைவாசி, நிரம்பியது. கஷ்டம் எவ்வளவோ அந்தக் கிளாஸைத் தொட வேண்டும்.

"கெட்ட கனவு வாறதோ அம்மா?"

"நித்திரை வந்தால்தானே பிள்ளை கனவு வாறதுக்கு."

அவள் எந்தக் கட்டத்திலும் புள்ளடி போடவில்லை. சொன்னதை அப்படியே ஓரத்தில் எழுதினாள். அடுத்தது பிள்ளைகளைப் பற்றிய கேள்வி. உயிரோடு இருப்பவர் என்று ஒரு கட்டம், இறந்தவர் என்று ஒரு கட்டம். 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்து காணாமல் போன பெரியம்மாவின் மகனை, எங்கள் அண்ணாவை, எந்தக் கட்டத்தில் போடுவது? பெரியம்மா வாய் திறக்கவில்லை.

"இதுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை அம்மா. இதோடயே நிப்பாட்டலாம். நிப்பாட்டினாலும் உங்களுக்கு வாற உதவி ஒண்டும் குறையாது" என்றாள் அந்தப் பிள்ளை.

தேத்தண்ணி குடித்த பிறகு, "சரி, மிச்சத்தைக் கேள்" என்று பெரியம்மாவே சொன்னார். போகும்போது மனநல கிளினிக் எந்த நாளில் நடக்கும் என்று துண்டில் எழுதித் தந்தாள். பெரியம்மா கிளினிக்குக்குப் போகத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். மாதங்கள் கழித்து அந்தப் பிள்ளையின் குழு முன்பள்ளிக் கட்டடத்தில் சனத்தைக் கூட்டி, கண்டுபிடித்ததைச் சொன்னது. பெரியம்மா முன்வரிசையில் இருந்தார். காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கு இனித் தனிக்கட்டம் போடுவோம் என்றும் சொன்னார்கள்.

இது அவர்கள் செய்த தயவு இல்லை. ஆய்வில் பங்குபற்றுகிறவர் விரும்பினால் அதன் முடிவை அவருக்கு அறிவிக்க வேண்டும் என்று மருத்துவ ஆய்வுகளுக்கான ஒழுக்கநெறியைச் சொல்லும், உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கிப் பிரகடனமே சொல்கிறது. ஆகவே வருகிறவர்களிடம் தயங்காமல் கேளுங்கள்: எந்த ஒழுக்கநெறிக் குழு அனுமதி தந்தது, என் பெயர் தாளில் இருக்குமா, முடிவைச் சொல்ல எப்போது வருவீர்கள்? கேட்டால் கோபிக்கிறவர்களுக்கு உங்கள் கதையைக் கொடுக்க வேண்டாம்.

முகாமில் எங்களிடம் எழுதி எடுத்ததை இன்னும் யாராவது வைத்திருந்தால், இப்போதும் கொண்டுவந்து சொல்லலாம். பதில் சொன்ன எத்தனையோ பேர் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் இருக்கிறோம்.