டெமோ வண்டியின் டயர் காற்றை முதலில் பாருங்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட் ஊரைத் தாண்டி மேற்கே திரும்பினால் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே சரளைப் பாதைகள் ஓடும். கரும்பு லாரிகள் போய்ப் போய்ப் பாதை முழுவதும் குறுக்கே வரிவரியாக மேடு விழுந்திருக்கும். அந்த வரிமேட்டில் 60 கி.மீ. வேகத்தில் ஓட்டிப் பார்க்கக் கடையில் வாங்கி வந்த டெமோ பைக், யமஹா டெனெரே 700, கையை உதறியது. பின்சக்கரம் தரையில் நிற்கவே இல்லை. மூன்று பேரும் மாறி மாறி ஓட்டினோம், மூன்று பேருமே "இது வேண்டாம்" என்றோம். பிறகுதான் பையில் கிடந்த காற்றழுத்தமானியை எடுத்து வைத்துப் பார்த்தோம். பின் டயரில் அழுத்தம் 2.9 பார், முன் டயரில் 2.6. ஷோரூமில் யாரோ கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிட்ட காற்று அது. பின்னால் 2.0, முன்னால் 1.8 என்று இறக்கிவிட்டு, அதே அரை கிலோமீட்டரை அதே வேகத்தில் திரும்ப ஓட்டினோம். வேறு வண்டி போல இருந்தது. முன்சக்கரம் காட்டிய இடத்துக்குப் போனது, கைப்பிடியில் உதறல் பாதிகூட இல்லை.

அன்றைக்கு அழுத்தமானி கையில் இல்லாமல் போயிருந்தால் நல்ல வண்டி ஒன்றைக் காற்றுக் கோளாறுக்காகத் தள்ளிவிட்டிருப்போம். அதனால் இதை எழுதத் தோன்றியது. தார், சரளை இரண்டிலும் ஓட்டும் நடுத்தர அட்வென்ச்சர் பைக் வாங்க நினைப்பவர்கள் மூன்று வண்டியை ஓட்டிவிட்டு ஒப்பிட்டதாக நினைக்கிறார்கள். உண்மையில் அவர்கள் ஒப்பிடுவது மூன்று கடைக்காரர்களின் பராமரிப்பை. வண்டிகளை முதலில் ஒரே நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஒப்பீடு அதற்குப் பிறகுதான்.

நாங்கள் பட்டியலை மூன்றாகக் குறைத்திருந்தோம்: டெனெரே 700 (2025க்கு முந்தைய மாடல்), 2023இல் வந்த சுசுகி வி-ஸ்ட்ரோம் 800டிஇ, அதே ஆண்டின் ஹோண்டா டிரான்ஸால்ப் 750. மூன்றுமே இரட்டை சிலிண்டர், மூன்றுக்கும் முன்சக்கரம் 21 அங்குலம், மூன்றிலும் செயின். கே.டி.எம்., பி.எம்.டபிள்யூ. வண்டிகளையும் பார்த்தோம். ஆனால் 100 குதிரைத்திறனைத் தாண்டும் வண்டிகளுக்கு எங்கள் பாதையில் வேலை இல்லை என்று ஒதுக்கினோம்.

காகிதத்தில் எடையைப் படிக்கும்போது ஒரு கழித்தல் கணக்குப் போடுங்கள். டெனெரே 205 கிலோ, டிரான்ஸால்ப் 208, வி-ஸ்ட்ரோம் 230 என்று இருக்கும். இவை பெட்ரோல் நிரம்பிய எடைகள். டேங்க் முறையே 16, 16.9, 20 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ முக்கால் கிலோ. கழித்துப் பார்த்தால் 193, 195, 215. சுசுகிக்கும் மற்ற இரண்டுக்கும் உள்ள இடைவெளி 20 கிலோவை ஒட்டி நின்றுவிடுகிறது. அந்த 20 கிலோ நேராகப் போகும்போது தெரியவே தெரியாது. சரிவில் நிறுத்தி, இறங்கி, வண்டியைத் தள்ளித் திருப்பும்போதுதான் இடுப்பில் தெரியும். ஆகவே ஷோரூமிலேயே செய்து பாருங்கள். பக்கவாட்டில் நின்று, இரண்டு கையாலும் பிடித்து, வண்டியை உங்கள் பக்கம் ஒரு சாண் சாய்த்துத் திரும்ப நிமிர்த்துங்கள். துணைக்கு ஒருவர் எதிர்ப்பக்கம் நிற்கட்டும்.

ஓட்டிப் பார்க்க அனுமதி வாங்குவது தனி வேலை. சனிக்கிழமை போனால் கட்டிடத்தைச் சுற்றிப் பதினைந்து நிமிடம்தான் கிடைக்கும். வார நடுவில் காலையில் போய், மோட்டார் சைக்கிளுக்கான 'ஏ' உரிமத்தின் நகலைக் கொடுத்து, அரை நாள் வேண்டும் என்று நேராகக் கேளுங்கள். கையெழுத்துப் போடும் படிவத்தில் இரண்டு வரிகளைத் தேடுங்கள். விழுந்தால் உங்கள் பங்காகக் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்பது ஒன்று. தார்ச்சாலையில் மட்டும்தான் ஓட்டலாம் என்று எழுதியிருக்கிறதா என்பது இன்னொன்று. பெரும்பாலும் எழுதியிருக்கும். சரளையிலும் ஓட்டப் போகிறோம் என்று சொல்லி, அதை அந்தத் தாளிலேயே எழுதி வாங்குங்கள். மறுக்கும் கடையில் அட்வென்ச்சர் பைக் வாங்குவதில் எங்களுக்கு விருப்பமில்லை.

காற்றுக்கு அடுத்தது சஸ்பென்ஷன். டெமோ வண்டியில் பின் ஸ்பிரிங் எந்த நிலையில் இருக்கிறது என்பது கடைசியாக ஓட்டியவரின் எடையைப் பொறுத்தது. அளவு நாடா ஒன்றும் இரண்டு துணையாட்களும் போதும். பின்சக்கரம் தரையில் படாதபடி வண்டியைத் தூக்கி, அச்சிலிருந்து நேர் மேலே சீட்டுக்குக் கீழே ஒரு புள்ளி வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் போட்டு உட்கார்ந்து, இரண்டு காலையும் ஃபுட்பெக்கில் வையுங்கள். ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அதே இரண்டு இடத்துக்கு நடுவே மறுபடி அளக்கட்டும். வித்தியாசம் மொத்த அசைவில், அதாவது சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரத்தில், ஏறத்தாழ 30 சதவீதம் இருக்க வேண்டும். டெனெரேயின் பின் அசைவு 200 மி.மீ., ஆகவே 60 மி.மீ. டிரான்ஸால்ப்பில் 190க்கு 57. வி-ஸ்ட்ரோமில் 220க்கு 66. எங்களில் 92 கிலோ எடையுள்ளவர் உட்கார்ந்தபோது ஒரு வண்டி 80 மி.மீ. இறங்கிவிட்டது. பின்புறம் அப்படித் தொங்கினால் முன்சக்கரம் லேசாகி, சரளை வளைவில் வண்டி வெளிப்பக்கம் ஓடும். அதை "முன்பக்கம் பிடிப்பு இல்லை" என்று குறித்துவைத்தால் தவறு. பின் ஸ்பிரிங்கை இறுக்கியதும் அது சரியாகிவிட்டது. டெனெரேயிலும் சுசுகியிலும் இதற்கு ஒரு திருகு இருக்கிறது, கையால் சுற்றினால் போதும்.

முன்ஃபோர்க்குக்குச் சின்ன கேபிள் டை ஒன்று போதும். உள்குழாயில் லேசாகக் கட்டி, சீல் வரை தள்ளிவிட்டு ஓட்டுங்கள். அது தள்ளப்பட்ட தூரம்தான் ஃபோர்க் பயன்படுத்திய அசைவு. ஒரே குழியை மூன்று வண்டியிலும் ஒரே வேகத்தில் தாண்டினோம். டிரான்ஸால்ப்பில் ஏறக்குறைய முழு அசைவும் தீர்ந்துவிட்டது. சுசுகியில் இரண்டு விரற்கடை மிச்சம் இருந்தது. ஹோண்டாவின் முன்ஃபோர்க் தார்ச்சாலைக்குச் சுகமானது, ஆனால் சுமையோடு குழியில் இறங்கினால் சீக்கிரம் அடிமட்டம் தொடும். அதில் மாற்றக்கூடியது ஸ்பிரிங் இறுக்கம் மட்டுமே. சுசுகியின் ஷோவா ஃபோர்க்கில் எல்லாவற்றையும் திருப்பி அமைக்கலாம்.

நின்று ஓட்டிப் பார்க்காமல் எந்த வண்டியையும் முடிவு செய்யாதீர்கள். ஃபுட்பெக்கில் உள்ள ரப்பரைக் கழற்றச் சொல்லுங்கள். அது இருக்கும்வரை பூட்ஸ் வழுக்கும், உயரமும் மாறும். நின்றபடி, விரல்களை மட்டும் கைப்பிடியில் வைத்து 30 கி.மீ. வேகத்தில் போங்கள். முதுகு வளைந்தால் ஹேண்டில்பார் உங்களுக்குத் தாழ்வு. முழங்கால் டேங்கைக் கவ்வுகிறதா, டேங்க் அகலமாகித் தொடையை வெளியே தள்ளுகிறதா? சுசுகியில் தள்ளியது. நின்ற நிலையிலேயே பின்பிரேக்கை மிதித்துப் பாருங்கள். உட்காரும்போது சரியாக இருக்கும் பெடல், நின்றால் கால்விரலுக்கு எட்டாமல் கீழே போய்விடும். இறக்கத்தில் மிதிக்கக் கால் தேடினால் ஆபத்து. பெடல் உயரத்தை மாற்ற வழி இருக்கிறதா என்று கடையிலேயே கேளுங்கள்.

சீட் உயரத்தைச் செருப்புக் காலோடு பார்ப்பது வீண். பூட்ஸ் அடி இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூக்கிவிடும். டெனெரே 875 மி.மீ., சுசுகி 855, ஹோண்டா 850 என்றாலும் உட்கார்ந்ததும் ஸ்பிரிங் இறங்கும் அளவும் சீட்டின் முன்பக்க அகலமும் சேர்ந்துதான் கால் எட்டுமா என்பதைத் தீர்மானிக்கும். சமதரையில் எட்டுகிற கால், பாதை ஒரு பக்கம் சரிந்திருந்தால் எட்டாது. ஒரு கால் பள்ளத்தின் பக்கம் இருக்கும்படி வண்டியை நிறுத்திப் பாருங்கள்.

பிரேக் சோதனைக்குத்தான் அதிக நேரம் கொடுத்தோம். நேரான சரளையில் 40 கி.மீ. வேகம். முதலில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். முழுதாக இயங்கும்போது இரண்டு பிரேக்கையும் அழுத்தி நிற்க எத்தனை காலடி என்று எண்ணுங்கள். பிறகு பின்சக்கர ஏ.பி.எஸ்.ஸை அணைத்துவிட்டு அதே இடத்தில் செய்யுங்கள். சுசுகியிலும் ஹோண்டாவிலும் பின்பக்கத்தை மட்டும் அணைக்கலாம். நாங்கள் ஓட்டிய டெனெரேயில் அணைத்தால் இரண்டு பக்கமும் அணைந்துவிடும், பழக்கம் இல்லாதவருக்கு அது பெரிய பொறுப்பு. இன்னொன்றையும் கட்டாயம் பாருங்கள்: ஏற்றத்தில் எஞ்சின் அணைந்து, சாவியைத் திருப்பித் திரும்பக் கிளப்பினால் நீங்கள் வைத்த அமைப்பு நிற்கிறதா? டெனெரேயில் நிற்காது, ஏ.பி.எஸ். தானாகத் திரும்ப வந்துவிடும். பக்கத்து நாடான லெசோத்தோவுக்கு ஏறும் சானி பாஸ் மலைப்பாதையின் இறக்கத்தில் இருக்கும்போது இதைக் கண்டுபிடிப்பது நல்லதல்ல.

சானி பாஸ் என்றதும் ஒரு கணக்கு. டர்பனில் ஓட்டிப் பார்க்கும் எஞ்சின் கடல்மட்டத்தில் மூச்சு விடுகிற எஞ்சின். ஒவ்வொரு 1000 மீட்டர் ஏறும்போதும் திறனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போகும். அடிவாரத்து ஊரான அண்டர்பெர்க் 1500 மீட்டருக்கு மேல், பாஸின் உச்சி 2876 மீட்டர். அங்கே கால் பங்குக்குக் குறையாமல் போயிருக்கும். டெனெரேயின் 73 குதிரைத்திறன் 55 ஆகும், ஹோண்டாவின் 90 இறங்கி 67ஐ ஒட்டி நிற்கும். ஆனால் உச்சித் திறனைவிட, எவ்வளவு கீழ்ச் சுழற்சியில் இழுக்கிறது என்பதுதான் செங்குத்து வளைவில் உதவும். சுசுகியின் உச்ச முறுக்குவிசையான 78 நியூட்டன் மீட்டர் நிமிடத்துக்கு 6800 சுழற்சியில் வருகிறது, ஹோண்டாவின் 75 வர 7250 வேண்டும். இதைச் சமவெளியிலும் சோதிக்கலாம்: இரண்டாவது கியரில் 15 கி.மீ. வேகத்துக்கு விட்டு, கிளட்ச் தொடாமல் ஏற்றத்தில் திராட்டிலைத் திறங்கள். சுசுகி அமைதியாக ஏறியது. ஹோண்டா முதல் கியர் கேட்டது. டெனெரே இந்த இரண்டுக்கும் நடுத்தரம், கேபிள் திராட்டில் என்பதால் கை அசைவுக்கு நேராகப் பதில் சொன்னது. டெமோ வண்டியை லெசோத்தோ எல்லைக்குக் கொண்டுபோக முடியாது, உரிமையாளர் கடிதம் இல்லாமல் எல்லையில் விடமாட்டார்கள். கடனில் வாங்கிய வண்டிக்கும் வங்கியின் கடிதம் வேண்டும், முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

நெடுஞ்சாலையில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. என்2இல் 120இல் பத்து நிமிடம், உங்கள் சொந்த ஹெல்மெட்டோடு. இரைச்சல் தாங்கவில்லை என்றால் சற்று எழுந்து நில்லுங்கள். சத்தம் குறைந்தால் முன்பக்கக் காற்றுத்தடுப்புக் கண்ணாடிதான் காற்றைச் சுழற்றி முகத்தில் விடுகிறது, அதை மாற்றலாம். ஆர்614 சாலையில் வார்ட்பர்க் பக்கம் போகும் வளைவுகளில் மூன்றுமே நன்றாக வளைந்தன.

மூன்று வண்டியிலும் ஸ்போக் சக்கரம், உள்ளே டியூப். டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் கருவேல முள்ளுக்கு இது முக்கியம். டியூப் இல்லாத டயருக்குச் செருகும் பஞ்சர் திரி இங்கே உதவாது, சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டும். வாங்கும் முன்பே, வண்டியோடு வரும் கருவிகளால் பின் அச்சைக் கழற்ற முடிகிறதா, நடு ஸ்டாண்டு உண்டா என்று பாருங்கள். 21 அங்குல டியூப் ஒன்று மட்டும் எடுத்துப்போனால் அவசரத்துக்குப் பின்சக்கரத்திலும் திணித்து ஊர் வந்து சேரலாம். டயரில் 1.5 பாருக்குக் கீழே இறக்காதீர்கள், கல்லில் இடித்தால் டியூப் கிள்ளுப்பட்டு இரண்டு துளை விழும்.

ஓட்டும் வரிசையும் முடிவைக் கெடுக்கும். முதலில் ஓட்டும் வண்டியில் உடம்பு விறைப்பாக இருக்கும், அதன் மதிப்பெண் எப்போதும் குறைவாகவே விழும். ஆகவே முதல் வண்டியைக் கடைசியில் இன்னொரு முறை ஓட்டுங்கள். இறங்கிய ஐந்து நிமிடத்துக்குள் எழுதிவிடுங்கள். மாலையில் நினைவிலிருந்து எழுதிய குறிப்புகள் எங்களுக்கு ஒன்றுக்கும் உதவவில்லை.

பெட்ரோல் கணக்கு முடிவை நெருக்கியது. சரளையில் சுமையோடு 100 கி.மீ.க்கு 5 லிட்டர் என்று வைத்து, 3 லிட்டரைக் கையிருப்பாக விட்டால் டெனெரே 260 கி.மீ., ஹோண்டா 278, சுசுகி 340. பின்னால் துணையை ஏற்றி நீண்ட தூரம் போகிறவருக்குச் சுசுகி எடுத்தோம். தனியாக மலைக்குப் போகிறவர், காற்று இறக்கியபின் மனம் மாறி, டெனெரேயையே வாங்கினார். நாள்தோறும் வேலைக்கு ஓட்டி, மாதத்தில் ஒருநாள் மட்டும் சரளைக்குப் போகிறவருக்கு ஹோண்டாதான் பொருத்தம்.

டெமோ வண்டியையோ ஏற்கெனவே ஓடிய வண்டியையோ வாங்குவதாக இருந்தால் அது கடையிலிருந்து வருகிறதா, தனியாளிடமிருந்தா என்பது பெரிய வித்தியாசம். 2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கடையில் வாங்கியதில் குறை தெரிந்தால் ஆறு மாதத்துக்குள் திருப்பித்தரவோ பழுது பார்க்கவோ கேட்கலாம். தனியாள் "வூட்ஸ்டூட்ஸ்" என்று எழுதி விற்றால் இருப்பதை இருந்தபடி எடுத்துக்கொள்கிறீர்கள். ஓடிய வண்டியில் அடிக்காப்புத் தகட்டின் கீறல்களைக் குனிந்து பாருங்கள். ஸ்போக்குகளை ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள், இறுக்கமானது கிண்ணென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாகத் தட்டும். புது வண்டியிலும் முதல் 1000 கி.மீ. சர்வீஸில் ஸ்போக்கை இறுக்கச் சொல்லிப் படிவத்தில் எழுதுங்கள், எழுதாவிட்டால் எண்ணெய் மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.