நூறு வரை எண்ணத் தெரியும், கை தூக்கத் தெரியாது

ஒன்றாம் வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய இரண்டு மாதமும் மகளுக்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுத்தேன். நூறு வரை கடகடவென்று சொல்வாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பள்ளி திறந்த முதல் வாரம், வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடினாள். தண்ணீர் பாட்டில் காலையில் கொடுத்தபடியே நிறைந்து திரும்பியது. மூன்றாம் நாள்தான் எனக்கு உறைத்தது. பிள்ளை நாள் முழுக்க அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

மழலையர் வகுப்பில் கழிப்பறை வகுப்பறையை ஒட்டியே இருந்தது. நேரத்துக்கு நேரம் அங்கே இருந்தவர்களே பிள்ளைகள் எல்லாரையும் வரிசையாகக் கூட்டிப்போவார்கள். இங்கே எல்லார் முன்னாலும் கை தூக்கிக் கேட்க வேண்டும், அப்புறம் தனியாகப் போய்வர வேண்டும். பள்ளியைச் சுற்றிப் பார்க்கப் போனபோது நூலகம் பார்த்தோம், மைதானம் பார்த்தோம். கழிப்பறையைக் காட்டச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை!

அன்று மாலை டீச்சர் விளையாட்டு. அவள் டீச்சர், நான் மாணவி. கை தூக்கி, "மிஸ், பாத்ரூம் போகணும்" என்றேன். "பாடம் முடியட்டும், உட்கார்" என்றாள், முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு. சரி, பயம் இதுதானா! மறுநாள் வகுப்பு ஆசிரியையிடம் சொன்னேன். அவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லிவிட்டார். வீட்டில் நாங்கள் அந்த விளையாட்டை ஒரு வாரம் தொடர்ந்தோம். டிபன் பாக்ஸ் மூடி திறக்க வராவிட்டால் யாரிடம் கேட்பது, பென்சில் தொலைந்தால் என்ன சொல்வது என்று அதிலேயே எல்லாம் வந்தது.

மாலை அழுகை மட்டும் நிற்கவில்லை. சாக்ஸ் கழலவில்லை என்று அரை மணி நேரம் அழுவாள். நாள் முழுக்கச் சமர்த்தாக இருந்த களைப்பு வீட்டில்தானே இறங்கும்? மதியத் தூக்கமும் போய்விட்டது. ஆறு வயதுக் குழந்தைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள். இவள் எட்டரை மணி நேரம்கூடத் தூங்கவில்லை. இரவுப் படுக்கையை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினேன். "இன்னிக்கு என்ன நடத்தினாங்க?" என்று வாசலிலேயே குடைவதையும் விட்டேன். விளக்கணைத்த பிறகு அவளே கதைகதையாகச் சொல்கிறாள்.

போன வாரம் பாட்டில் காலியாக வந்தது. மூடியைத்தான் காணோம்.