சேந்த் குருவாவுக்கு நடந்த இரவு

செப்டம்பர் 8, பொழுது சாய்ந்ததும் மொரீஷியஸ் ரோஸ்ஹில்லில் இருந்து கிளம்பினோம். நான், அக்கா, அக்கா மகன். தலைநகர் போர்ட் லூயிஸ் வரைக்குமே பன்னிரண்டு கிலோமீட்டர் போல இருக்கும், அப்புறம்தான் அதன் ஓரத்தில் இருக்கும் சேந்த் குருவா. பாட்டி இருந்தவரை பஸ் ஏற விட்டதில்லை. "நேர்ந்துகிட்டா நடந்துதான் போகணும்" என்பாள்.

மூன்று வயதில் அம்மா காய்ச்சலில் கிடந்தபோது பாட்டி நேர்ந்துகொண்டது இது. பெர் லவால் என்ற கத்தோலிக்கச் சாமியாரின் கல்லறைக்கும் கைலாசன் கோவிலுக்கும் ஒரே மூச்சில் நேர்ந்திருக்கிறாள். இரண்டும் ஒரே பக்கம்தானே.

லவால் சாமியார் பிரான்ஸில் வைத்தியம் பார்த்தவர். 1841 செப்டம்பரில் மொரீஷியஸில் இறங்கினார். அடிமை முறை ஒழிந்து ஆறே வருடம். விடுதலையானவர்களைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. அவர்களோடு பேசுவதற்காகவே அவர்களுடைய கிரியோல் மொழியைக் கற்று, அவர்கள் குடிசைகளில் போய் உட்கார்ந்தார். அவர்கள் விட்டுவந்த கரும்புத் தோட்டங்களில்தான் நம் முன்னோரை ஒப்பந்தக் கூலிகளாக இறக்கினார்கள். அடிமைகளாக இருந்தவர்களின் சாமியாரிடம் கூலிக்காரன் பேத்தி பிள்ளைக்காக அழுதாள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

1864 செப்டம்பர் 9-இல் அவர் இறந்தார். சேந்த் குருவாவில் இருந்த கிறிஸ்தவக் கோவிலின் முன்னால் அடக்கம் செய்தார்கள். அந்தப் பழைய கோவில் இப்போது இல்லை. 1960-இல் கரோல் புயல் அடித்துப்போட்டது. இன்று நிற்பது அதற்குப் பிறகு கட்டியது. 1979-இல் போப் இரண்டாம் ஜான் பால் அவருக்கு முத்திப்பேறு பட்டம், அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி, கொடுத்தார். ஆனால் சனங்கள் எந்தப் பட்டத்துக்கும் காத்திருக்கவில்லை. கோவில் இடிந்தபோதும் கல்லறைக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

நள்ளிரவு தாண்டிப் போய்ச் சேர்ந்தோம். மெழுகுவத்திச் சூடு முகத்தில் அடித்தது. எனக்கு முன்னால் முக்காடு போட்ட ஒரு முஸ்லிம் அம்மா, பின்னால் திருநீறு பூசிய ஒரு பெரியவர். கல்லறைமேல் அவர் படுத்திருப்பதுபோல் ஓர் உருவம். பாட்டி அதைத் தொட்டுவிட்டு, அந்தக் கையாலேயே அம்மா நெற்றியைத் தடவுவாள். அம்மாவுக்கு இப்போது முழங்கால் வலி, வரமுடியவில்லை. அக்கா கைக்குட்டையை அங்கே வைத்து எடுத்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

கொண்டுபோன மல்லிகையில் பாதியை அங்கே வைத்தோம். மீதியோடு விடியலில் கைலாசன் கோவிலுக்கு வந்தால், நடை இன்னும் திறக்கவில்லை. சரி என்று வாசலில் உட்கார்ந்தோம். பையன் அக்கா மடியில் தூங்கிப்போனான்.