ஷெல் லேப் தேர்வு: ரெண்டாவது தடவையும் ஓட்டிப் பாருங்கள்

நேற்று ரிசல்ட் வந்தது. 71. பாஸ்தான், அழவில்லை. ஆனால் 85க்கு மேல் வந்திருக்க வேண்டியது என்று எனக்கும் தெரியும், அன்று பக்கத்து சிஸ்டத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கும் தெரியும். அடுத்த செமஸ்டரில் வேலூர் பக்கம் லேப் எழுதப்போகிறவர்களுக்காக, வயிற்றெரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எனக்கு வந்த சீட்டு: சி-யில் எழுதிய குட்டி ஷெல், அதாவது நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி ஓட்டும் நிரல். ஹிஸ்டரியிலிருந்து (முன்பு அடித்த கட்டளைகளின் பட்டியல்) பழைய கட்டளையை மறுபடி ஓட்டும் பகுதியில் பக் இருக்கிறது, சரிசெய்க. !! போட்டால் கடைசிக் கட்டளை, !3 போட்டால் மூன்றாவது. கோப்புகளை விவரத்தோடு காட்டும் "எல்எஸ் -எல்" அடித்துவிட்டு !! போட்டேன். கோப்புகளின் பெயர் மட்டும் வந்தது, விவரம் வரவில்லை. அதாவது "-எல்" எங்கேயோ காணாமல் போயிருக்கிறது.

உடனே கட்டளையை ஓட்டும் எக்ஸெக்-விபி மேல்தான் சந்தேகம் வந்தது. அதற்குக் கொடுக்கும் சொற்களின் அரேயில், முடிவைக் காட்டும் நல் கடைசியில் இருக்கிறதா என்று தோண்டியே 40 நிமிடம் போச்சு. அது நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் ஹிஸ்டரியை அப்படியே அச்சடித்துப் பார்த்தேன். சேமிப்பிலேயே "எல்எஸ்" மட்டும்தான் கிடந்தது.

விஷயம் வரியைச் சொற்களாகப் பிரிக்கும் ஸ்டிர்டோக்கில். அது நாம் கொடுத்த வரியையே அறுக்கும். இடைவெளி இருந்த இடத்தில் பூஜ்ய பைட்டை வைத்துவிட்டுப் போகும், சி-க்கு வரி அங்கேயே முடிந்த மாதிரி. அறுத்த பிறகு ஹிஸ்டரியில் போட்டால் முதல் சொல்தான் மிஞ்சும். ஆகவே அறுப்பதற்கு முன்பே, வரியை நகலெடுக்கும் ஸ்டிர்டப் போட்டு நகல் எடுத்துச் சேமித்தேன். கம்பைல் பண்ணினேன், !! போட்டேன், சரியாக வந்தது. கை தூக்கிவிட்டேன்.

எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வரும் தேர்வாளர்) வந்தார். ஷெல்லைப் புதிதாக ஓட்டி "எல்எஸ் -எல்" போட்டுவிட்டு !1 அடித்தார். முழுசாக வந்தது. "இன்னொரு தடவை போடுப்பா" என்றார். போட்டேன். வெறும் பெயர்கள்!

மறுபடி ஓட்டும்போது ஹிஸ்டரியில் இருந்த அதே வரியை நேராக ஸ்டிர்டோக்கிடம் கொடுத்திருந்தேன். முதல் ஓட்டத்திலேயே அது அறுந்துவிட்டது. அங்கேயும் ஒரு நகல் எடுத்திருந்தால் முடிந்திருக்கும். ஒரே ஒரு வரி. அதை யோசிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

அதனால் நான் சொல்வது இதுதான். எதைச் சரிசெய்தாலும் ரெண்டு தடவை ஓட்டுங்கள். !! ரெண்டு தடவை, !1 ரெண்டு தடவை. மூன்றாவது தடவையும் ஓட்டினால் ஒன்றும் குறைந்துவிடாது. "டேட்", "பிடபிள்யூடி" மாதிரி ஒற்றைச் சொல் கட்டளைகளை வைத்துச் சோதிக்காதீர்கள். அதில் இடைவெளியே கிடையாது, பக் ஒளிந்துகொள்ளும்.

மற்றதெல்லாம் சுருக்கமாக:

- ஹிஸ்டரி காலியாக இருக்கும்போது !! போட்டுப் பாருங்கள். நிறைய பேருக்கு அங்கேதான் செக்மென்டேஷன் ஃபால்ட் (தப்பான நினைவக இடத்தைத் தொட்டு நிரல் நின்றுபோவது).
- ஹிஸ்டரியில் 10 இடம்தான் என்றால் 11வது கட்டளைக்கு அப்புறம் !1 என்ன செய்ய வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.
- ஹிஸ்டரியில் "!!" என்றே சேமிக்காதீர்கள். அடுத்த !! தன்னையே கூப்பிட்டுக்கொண்டு சுற்றும். லினக்ஸில் பரவலாக இருக்கும் பாஷ் ஷெல் கூட விரித்த கட்டளையைத்தான், அதாவது !! குறிக்கும் முழு வரியைத்தான், சேமிக்கிறது.

வைவாவில் (வாய்மொழித் தேர்வு) இந்த ஆச்சரியக்குறி வழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். 1970களின் கடைசியில் பில் ஜாய் எழுதிய சி-ஷெல்லிலிருந்து. அதைச் சொல்லிவிட்டேன். பாஷில் ஒற்றை மேற்கோளுக்குள் ஆச்சரியக்குறி ஏன் விரியாது என்பதற்குத்தான் கொஞ்சம் உளறினேன்.

எனக்கு உட்கார்ந்து படிக்கவே வராது. குடியாத்தத்திலிருந்து காட்பாடி வரை ரயிலில் நின்றுகொண்டே போனில் டெர்மக்ஸ் (கட்டளைகளை அடிக்க உதவும் ஆண்ட்ராய்டு செயலி) போட்டுப் பழகினேன். உங்களுக்கு உட்கார வருமென்றால் சிஸ்டத்திலேயே பழகுங்கள், போனில் ஆச்சரியக்குறியைத் தேடியே உயிர் போகும்.

ரிசல்ட் பார்த்துவிட்டு ராத்திரி என் ரெக்கார்டு நோட்டைப் புரட்டினேன். சீனியரிடமிருந்து வாங்கி எழுதிய ஷெல் நிரல். அதிலும் அதே வரி, ஹிஸ்டரியை நேராக ஸ்டிர்டோக்கிடம் கொடுத்தபடி. பக்கத்தில் சிவப்பு மையில் டிக், 10க்கு 10.