தட்டில் தெரிந்தது, எண்ணில் தெரியவில்லை

முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டு முழுவதும் செர்ட்டோலி செல்களோடுதான் கழிந்தது. இத்தாலியரான என்ரிகோ செர்ட்டோலி 1865ஆம் ஆண்டு விவரித்த இந்தச் செல்கள், விரையின் நுண்குழல்களுக்குள் நின்று, வளரும் விந்துச் செல்களை அணைத்து ஊட்டி வளர்க்கின்றன. ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து வேலி போட்டிருப்பதால் ரத்தத்திலுள்ள இரும்பு உள்ளே நேராகப் போக முடியாது. ஆகவே அவையே டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தைச் செய்து, இரும்பை அதில் ஏற்றி உள்ளே அனுப்புகின்றன. பிட்யூட்டரி சுரக்கும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன் அந்தப் புரத உற்பத்தியை எவ்வளவு கூட்டுகிறது என்று அளப்பது என் வேலை.

20 நாள் வயதுள்ள எலிக்குட்டிகளின் விரைத் திசுவைக் கொலாஜினேஸ் நொதியால் பிரித்து, செல்கட்டிகளைத் தட்டில் பரப்பி, 32 டிகிரியில் வைப்போம். வழக்கமான 37 டிகிரி இங்கே ஆகாது. விரை உடலின் மற்றப் பகுதிகளைவிடக் குளிர்ந்த இடம். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், விரிந்த செல்களின் மேல் விந்துச் செல்கள் கடுகு தூவியதுபோல் உட்கார்ந்திருக்கும். செறிவு குறைந்த டிரிஸ் கரைசலை ஊற்றினால் அவை நீரை உறிஞ்சி வெடித்துவிடும், செர்ட்டோலி செல்கள் தாங்கிக்கொள்ளும். எத்தனை முறை செய்தாலும் அந்தச் சில நிமிடங்கள் எனக்கு மூச்சடைக்கும். சற்றுத் தாமதித்தால் இவையும் போய்விடுமோ என்று கடிகாரத்தையே பார்த்தபடி நிற்பேன்.

ஹார்மோன் ஊற்றிய தட்டிலும் ஊற்றாத தட்டிலும் டிரான்ஸ்ஃபெரின் அளவு ஒன்றாகவே வந்தது. மூன்று முறை செய்தும் அப்படித்தான். "ஹார்மோன் கெட்டிருக்கும், புதிது வாங்கிவிடு" என்றார் கூட இருந்த அக்கா. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏனென்றால் நுண்ணோக்கியில் வேறொன்று தெரிந்தது: ஹார்மோன் ஊற்றிய தட்டில், தட்டையாகப் பரவியிருந்த செல்கள் உடலைச் சுருக்கி, மெல்லிய கைகளை நாலாபக்கமும் நீட்டியிருந்தன. எஃப்.எஸ்.எச். செல்லின் மேலுள்ள ஏற்பியில் ஒட்டி, ஹார்மோனின் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூறு உயர்ந்தால் வரும் உருமாற்றம் அது. ஹார்மோன் வேலை செய்கிறது என்றால் அளவீட்டில்தான் கோளாறு.

செல்களை வளர்க்கும் ஊடகக் கரைசலில் வழக்கமாகச் சேர்க்கும் கலவைப் புட்டியின் சீட்டை எடுத்துப் படித்தேன். இன்சுலின், டிரான்ஸ்ஃபெரின், செலினியம். நான் தேடிய புரதத்தை நானே எல்லாத் தட்டிலும் ஊற்றியிருக்கிறேன்! செல்கள் செய்ததையும் நான் ஊற்றியதையும் அளவிடுவதற்காக அந்தப் புரதத்தைப் பிடிக்கும் எங்கள் எதிர்பொருள் பிரித்தறியவில்லை. போதாக்குறைக்கு, இன்சுலினும் தன் பங்குக்கு இந்தச் செல்களை டிரான்ஸ்ஃபெரின் செய்யத் தூண்டும். 'ஒன்றும் சேர்க்காத தட்டு' என்று குறிப்பேட்டில் எழுதும் பழக்கத்தை அன்றோடு விட்டேன். இப்போது ஒவ்வொரு தட்டிலும் என்னென்ன இருக்கிறது என்று வரி வரியாக எழுதுகிறேன். என் மாணவர்களையும் எழுதச் சொல்கிறேன்.

கலவையை விட்டுவிட்டு மறுபடி தொடங்கினோம். எஃப்.எஸ்.எச். தனியாக, இன்சுலின் தனியாக, இரண்டும் சேர்த்து, கடைசியாக ரெட்டினாலும் (வைட்டமின் ஏ) டெஸ்டோஸ்டிரோனும் கூட்டி. ஹார்மோன்களும் ரெட்டினாலும் சேர்ந்தே இந்தச் சுரப்பை ஆள்கின்றன என்று ஆய்வாளர்கள் ஸ்கின்னரும் கிரிஸ்வோல்டும் 1982ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தார்கள். படித்திருந்தேன், என் தட்டோடு பொருத்திப் பார்த்ததில்லை. அன்றிரவு, புரதம் கூடக் கூட நிறம் அடர்ந்து காட்டும் எலைசா சோதனைத் தட்டின் முன் உட்கார்ந்திருந்தோம். எஃப்.எஸ்.எச். மட்டும் போட்ட வரிசையில் வெளிர்மஞ்சள் மெல்ல ஏறியது. நான்கும் சேர்ந்த கடைசி வரிசை அதற்குள் அடர்மஞ்சளாகியிருந்தது.