காம்பஸ் கிம்பல்: மூன்றாவது முனையில்தான் மசிந்தது

படகு சாய்ந்தாலும் காம்பஸை மட்டமாகத் தொங்கவிடும் சட்டம்தான் கிம்பல். அது ஆடும் முனைகளில் இரண்டு வகை வீணாகிப் போன பிறகு, காம்பஸ் கிண்ணம் ஒருவழியாக மட்டத்துக்கு வந்து நிற்கிறது. சம்பான் படகில் பொருத்தும் 4 அங்குல காம்பஸ். கிண்ணத்துக்கும் வெளிச்சட்டத்துக்கும் நடுவே ஒற்றைப் பித்தளை வளையம், நான்கு முனைகள்: கிண்ணத்தை வளையத்தில் தாங்க இரண்டு (உள் அச்சு), வளையத்தைச் சட்டத்தில் தாங்க இரண்டு (வெளி அச்சு). வளையம் 122 மிமீ வெளிவிட்டம், 6 மிமீ தடிப்பு, 12 மிமீ உயரம். பினாங்கின் லோரோங் கூலிட் சந்தையில் 18 வெள்ளிக்கு (ரிங்கிட்) கிடைத்த தடித்த குழாய்த் துண்டிலிருந்து லேத்தில் வெட்டியது.

வளையமும் எடையும் எவ்வளவு நன்றாக அமைந்தாலும் மட்டத்தைத் தீர்மானிப்பது முனைதான். கணக்கு எளிது. உராய்வுக் கெழுவை ஆணியின் ஆரத்தால் பெருக்கி, எடைமையம் அச்சுக்குக் கீழே தொங்கும் ஆழத்தால் வகுத்தால், கிண்ணம் எந்தச் சாய்வில் சிக்கி நிற்கும் என்பதன் சைன் மதிப்பு வரும். முதலில் போட்டது 3 மிமீ பித்தளை ஆணி, பித்தளைத் துளையில். ஆரம் 1.5 மிமீ, ஆழம் 4 மிமீ, கெழு 0.2 என்று வைத்தால் 4 டிகிரிக்கு மேல். நேரில் அளந்தபோது பக்கத்துக்கு 3.3 டிகிரி. பித்தளையோடு பித்தளை உரசினால் நாளாக ஆகப் பற்றிக்கொள்ளும் என்பதால் அது மேலும் மோசமாகத்தான் போயிருக்கும்.

அளந்த முறை: காம்பஸ் கண்ணாடி மேல் சின்ன முகக்கண்ணாடித் துண்டு ஒட்டி, லேசர் ஒளியை அதில் பட்டு 3 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் விழவைப்பது. கண்ணாடி கோணத்தை இரட்டிப்பாக்கும். ஆகவே 1 டிகிரி சாய்வு சுவரில் 105 மிமீ. கிண்ணத்தை ஒரு பக்கம் சாய்த்து மெதுவாக விட வேண்டும். ஆட விட்டால் அளவு நல்லதாகத் தெரிந்து ஏமாற்றிவிடும். இரண்டு பக்கத்திலிருந்தும் திரும்பி நிற்கும் புள்ளிகளின் இடைவெளிதான் சிக்கல் அளவு, அதில் பாதி ஒரு பக்கத்துக்கு. ரசமட்டத்தை வைத்து இதைப் பிடிக்கவே முடியாது.

அடுத்து 3 மிமீ துளையுள்ள குட்டி பால் பேரிங். சுற்றும்போது வெண்ணெய் மாதிரிதான். ஆனால் எஃகு, காம்பஸ் அட்டை (உள்ளே திசை காட்டிச் சுழலும் வட்டத் தட்டு) அதன் பக்கம் இழுபட்டது. அதோடு, சில டிகிரி மட்டுமே முன்னும் பின்னும் ஆடும் இடத்தில் குண்டுகள் ஒரே இடத்தைக் குழியாக்கும். கடல் உப்பு வேறு. கழற்றியாயிற்று.

இப்போது இருப்பது பாஸ்பர் பிரான்ஸில் கடைந்த எம்5 திருகு, 60 டிகிரி கூம்பு முனை, 90 டிகிரி பித்தளைக் குழியில் உட்காருகிறது. முனையை ஊசியாக விடக்கூடாது, குழியில் குத்திப் பதிந்துவிடும். எண்ணெய்க்கல்லில் தேய்த்து 0.3 மிமீ உருண்டையாக்கணும். துருப்பிடிக்காத எஃகு காந்தம் பிடிக்காது என்பதையும் நம்ப வேண்டாம். 304 ரகத்தில் மரை உருட்டும்போது கொஞ்சம் காந்தத்தன்மை ஏறும். எந்தத் திருகானாலும் காம்பஸ் பக்கத்தில் வைத்துச் சுழற்றிப் பார்த்து, அட்டை அசைந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

எதிரெதிர்த் துளைகள்தான் ரொம்பப் படுத்தின. நீள டிரில் பிட்டை இரண்டு சுவரிலும் ஒரே மூச்சில் விட்டால் பிட் விலகிப் போகிறது. சரிவந்த வழி இது. முதல் துளையை 2 மிமீயில் போட்டு, டிரில் மேசையில் பிட்டுக்கு நேர் கீழே 2 மிமீ ஆணி ஒன்றை நட்டு, வளையத்தைத் தலைகீழாக்கி முதல் துளையை அதில் உட்காரவைத்து, வளையத்தின் முகத்தை எல் வடிவக் கட்டையோடு அணைத்துப் பிடித்து மேலே துளைப்பது. ஆணி தளர்வாக இருந்தால் எல்லாம் பாழ். அடுத்த சோடிக்கு முதல் சோடிக்குள் கம்பி விட்டு, அதன் இரு முனையும் மேசையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கும்படி வளையத்தைத் திருப்பணும். நான்கும் ஒரே தளத்தில் வராவிட்டால் இரண்டு அச்சுக்கும் தொங்கும் ஆழம் மாறிப்போகும்.

லாக் நட்டை (திருகு நகராமல் பூட்டும் நட்டு) இறுக்கும்போது திருகும் கூடவே சுற்றி முனையை நசுக்கும். திருப்புளியால் திருகைப் பிடித்துக்கொண்டே நட்டை இறுக்கி, தாள் கனத்துக்கும் குறைவாக, 0.05 மிமீ ஆட்டம் விடுங்கள். குழியில் சிலிகான் கிரீஸ். அதன் பிசுபிசுப்பு ஆட்டத்தை அடக்கும், ஆனால் உலர் உராய்வு மாதிரி சாய்வில் நிறுத்தி வைக்காது. செப்புத் தகடு, காந்தம் வைத்து அடக்கும் வழி காம்பஸ் பக்கத்தில் ஆகாது.

அடியில் 60 கிராம் தூண்டில் ஈயம் ஒட்டியதில் மொத்தம் 420 கிராம், தொங்கும் ஆழம் 12 மிமீ. உள் அச்சில் 20 அலைவு 13 வினாடி, வெளி அச்சில் 17. வளையத்தின் எடையும் சேர்ந்து ஆடுவதால்தான் இந்த வித்தியாசம். பழுதென்று நினைத்து ஈயத்தைக் கூட்டாதீர்கள். ஆழத்தை 1 மிமீக்குக் குறைத்தால் அலைவு நேரம் 2 வினாடிக்கு அருகில் போய், சம்பானின் உருளலோடு ஒத்திசைந்து ஊஞ்சலாடும். சுவரில் இப்போது இடைவெளி உள் அச்சுக்கு 25 மிமீ, வெளி அச்சுக்கு 40 மிமீ, அதாவது பக்கத்துக்கு 0.2 டிகிரிக்குள்.

காம்பஸ் வாங்குவோருக்கு ஒன்று. வட ஐரோப்பாவுக்குச் சமன்செய்த அட்டை பினாங்கில் தெற்குப் பக்கம் தாழும், நாம் காந்த நடுக்கோட்டுக்கு (பூமியின் காந்தப்புலம் கிடையாக ஓடும் கோடு) அருகில் இருப்பதால். கிண்ணம் மட்டமாக இருந்தும் அட்டை சாய்ந்தால் கிம்பலைக் குறை சொல்லாதீர்கள். வாங்கும்போதே எந்த மண்டலத்துக்குச் சமன்செய்தது என்று கேட்டுவிடுங்கள்.

வளையத்தை அலுமினியத்தில் செய்ய ஆசை, எடை மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் பித்தளைக் குழியோடு உப்புநீரில் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். நைலான் புஷ் போட்டுப் பிரிக்க முடியுமா என்று பார்க்கிறேன்.

அதற்கு முன் பொருத்தும் உயரத்தை முடிவு செய்யணும். படகு 2.5 வினாடியில் 10 டிகிரி உருளும்போது, உருளும் அச்சுக்கு 80 செமீ மேலே வைத்தால் பக்கவாட்டு முடுக்கமே கிண்ணத்தை 5 டிகிரி தள்ளும். 20 செமீயில் வைத்தால் 1.3 டிகிரி. முனையை எவ்வளவு தீட்டினாலும் இது குறையாது. அதனால் தாங்கிக் கட்டையை இருக்கைப் பலகைக்குக் கீழே இறக்கி, மேலிருந்து குனிந்து படிக்க முடிகிறதா என்று அட்டைப்பெட்டியில் ஒரு மாதிரி வெட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஜார்ஜ்டவுன் பக்கம் ஃபெர்ரி அலையில் சோதனை அதன் பிறகுதான்.